நிறுத்திய குளிசையை வைத்தியருக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, யாழ்ப்பாணத்து முதியோர் இல்லங்களில் வாழும் தாய் தகப்பன்மார் பலர். அவர்களுக்கு நாளாந்தம் குளிசை கொடுப்பவர் தாதி. அதை எழுதிய வைத்தியரோ கிளினிக் நாளில் மட்டும்தான் அவர்களைக் காண்கிறார். ஒரு மருந்து நிறுத்தப்பட்டால் அந்தச் செய்தி வைத்தியரிடம் போய்ச் சேருவதில்லை என்பதே என் கவலை.

நிறுத்துவது பிழையில்லை. மேல் அழுத்தம் 90க்கும் கீழே இறங்கியவருக்குப் பிரஷர் குளிசை கொடுக்கக்கூடாது. நாடித்துடிப்பு 60க்குக் குறைந்தால் இருதய மருந்தான டிகொக்சினைக் கொடுக்காமல் வைத்தியரைக் கேட்கவேண்டும். கந்தசஷ்டி விரதம் இருக்கும் அம்மாவுக்கு வெறுவயிற்றில் நீரிழிவுக் குளிசையான கிளிக்கிளசைட் கொடுத்தால் சீனி 70க்குக் கீழே போய் மயங்கிவிடக்கூடும்.

ஆனால் நான் அறிந்த ஓர் இல்லத்தில், ஓர் ஐயாவின் பிரஷர் குளிசையை அடிக்கடி நிறுத்தினார்கள். கிளினிக் கொப்பியில் ஒரு வரிகூட எழுதவில்லை. கிளினிக்கில் பிரஷர் கூடியிருந்ததால், மருந்து போதவில்லை என்று நினைத்து வைத்தியர் அளவைக் கூட்டினார். கூட்டிய அளவை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியதும், ஐயா விடியக் கட்டிலால் எழும்பும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வைத்தியருக்கு உண்மை தெரிந்திருந்தால் அளவைக் கூட்டியே இருக்கமாட்டார்.

சில மருந்துகளைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. பிரஷருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கும் அற்றெனலோலைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி, மாரடைப்புவரை போகலாம். வலிப்புக் குளிசையும் பார்கின்சன் நோய்க்கான லெவோடோபாவும் அப்படித்தான். பல் பிடுங்குவதற்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரினை நிறுத்தினால், திரும்ப எப்போது தொடங்குவது என்று யாராவது சொல்லியாகவேண்டும்.

தாதியர் ஏன் அழைப்பதில்லை? "இதுக்கெல்லாமா கோல் எடுக்கிறீங்கள்?" என்று ஒருமுறை ஏச்சு வாங்கியவர், இரவில் தனியாக நிற்கும்போது மறுபடி எடுப்பாரா? வைத்தியர்களே, தயவுசெய்து ஏசாதீர்கள். எந்த அளவுக்குக் கீழே போனால் நிறுத்துவது, எப்போது உங்களை அழைப்பது என்று மருந்துத் துண்டிலேயே எழுதிக் கொடுங்கள். தாதியரும் அழைக்கும்போது என்ன மருந்து, ஏன் நிறுத்தினோம், எத்தனை வேளை தவறியது, இப்போது பிரஷரும் நாடியும் சீனியும் எவ்வளவு என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடிந்ததும் வைத்தியர் சொன்னதை நேரத்தோடு கொப்பியில் எழுதுங்கள்.

வெளிநாட்டில் இருந்து கதைக்கும் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். அம்மா சாப்பிட்டாவா என்று கேட்பதோடு, இந்தக் கிழமை எந்தக் குளிசையாவது நிறுத்தினீர்களா, அது வைத்தியருக்குத் தெரியுமா என்றும் இல்லத்தைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கொக்குவில்.