தண்ணீர் வேண்டாம் என்று கத்திய தம்பிக்கும் எங்கள் தாமான் (குடியிருப்பு) மக்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை என் வீட்டு அடுப்படியில் தீப்பிடித்தது சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாமல் இருக்காது, பொம்பா (தீயணைப்பு) வண்டி ஒன்று சந்துக்குள் திரும்பினாலே நாலு தெருவும் வாசலுக்கு வந்துவிடும். வீடு வீடாகப் போய் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கையில் கட்டு, அதோடு போகிற வீட்டிலெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வீர்கள். அதனால் இங்கேயே ஒரு தடவையாகச் சொல்லிவிடுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். தீபாவளி முறுக்கு ஆர்டருக்காக இரும்புச் சட்டியில் மூன்று பாக்கெட் எண்ணெயை ஊற்றிக் காயவைத்துவிட்டு, வாசலில் டெபாசிட் கொடுக்க வந்த அக்காவோடு பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது சட்டியில் தீ, ஜன்னல் திரையிலும் தீ. பாத்ரூமுக்கு ஓடி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தம்பி பின்வாசலில் நின்று "தண்ணி வேண்டாம்கா! தண்ணி வேண்டாம்!" என்று கத்தினான். அந்தக் கத்தலில் என் காலே நின்றுவிட்டது.

அவன் பள்ளிக்கூடத்தில் கடேட் பொம்பாவில் இருக்கிறான். வெளியில் சுவரோரம் இருந்த கேஸ் தோம்பை (சிலிண்டரை) முதலில் அடைத்தான், பிறகு முறுக்கு பிழிந்துவைக்கிற பெரிய அலுமினியத் தாம்பாளத்தைச் சட்டியின் மேல் பக்கவாட்டில் தள்ளி மூடினான். சட்டித் தீ அடங்கிவிட்டது. அடங்கியதும் திறந்து பார்க்கப் போனேன், அதற்கும் "வேண்டாம்கா", சூடு ஆறாமல் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பிடிக்குமாம். தண்ணீர் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம்தான் சொன்னான்: தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகும், ஆவியானால் சுமார் 1,700 மடங்கு பெருகும், எரிகிற எண்ணெயை அப்படியே கூரைக்கும் என் முகத்துக்கும் வாரியடிக்கும். அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

திரையும் மேல் அலமாரியும் எரிந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டு அண்ணன், செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர், லோரியில் இருந்த தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆறேழு அடி தள்ளி நின்று அடித்தார். 999-க்குக் கூப்பிட்டது யார் என்று இன்னும் தெரியவில்லை, யாராக இருந்தாலும் நன்றி. பொம்பாக்காரர்கள் வந்தபோது தீ அணைந்திருந்தது, இருந்தாலும் மேல்பலகைக்குள் கங்கு ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வயர்மேன் வந்து பார்க்கும்வரை மெயின் சுவிட்சைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

திரையை இழுத்ததில் என் இடது கை வெந்துவிட்டது. மூன்றாவது வீட்டுப் பாட்டி பற்பசையோடு ஓடி வந்தார் (கோபித்துக்கொள்ளாதீர்கள் பாட்டி, உங்கள் பாசம் தெரியும்). தோட்டத்தில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ரிட்டயரான ஐயா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, கை வீங்குவதற்குள் வளையல்களைக் கழற்றச் சொல்லி, குழாயடியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரம் பார்த்து இருபது நிமிடம். பத்தாவது நிமிடத்தில் போதும் ஐயா என்றேன். "பேசாம நில்லு புள்ள" என்றார். கிளினிக்கில் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் யார் வைத்தது, நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்றார். ஐயா, அந்தப் பாராட்டு உங்களுக்கு.

இனி அந்தத் தீயணைப்பு உருளையிலிருந்து வந்த தூள். தீ எரித்தது ஒரு மூலைதான், அந்த மஞ்சள் நிறத் தூள் முழு வீட்டையும் பிடித்துவிட்டது, அரிசி டப்பாவுக்குள், சாமி மேடையில், ஃபேன் இறக்கையில் எல்லாம். ஞாயிறு காலை கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்கிற வேலை) மாதிரி எட்டுப் பேர் ஈர மாப்போடு வந்து நின்றீர்கள், நல்லவேளை ஹாட்வேர் கடை ஆண்ட்டியும் வந்தார். ஈரம் பட்டால் தூள் பசை மாதிரி ஒட்டும், இரும்பை அரிக்கும், முதலில் காய்ந்த துடைப்பம்தான் என்று எல்லாரையும் நிறுத்தினார். ஒட்டிப்போனதை மட்டும் சமையல் சோடா மாவு கரைத்த தண்ணீரில் துடைக்கச் சொன்னார். சுவரில் படிந்த கரியும் அப்படித்தான், ஈரத்துணியால் தேய்த்த இடமெல்லாம் பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது (அந்த இடம் என் வீட்டுக்காரர் கைவண்ணம்), காய்ந்த ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாகத் துடைத்த இடம் வெளுத்துவிட்டது. திறந்திருந்த சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் கொட்டினோம். பிசைந்து வைத்திருந்த முறுக்கு மாவும் குப்பைக்குப் போனபோதுதான் நான் அழுதேன்.

அந்த அழுகையைப் பார்த்துவிட்டு மூன்று அக்காமார் ஆளுக்குக் கொஞ்சமாகப் புது மாவு பிசைந்து அவரவர் வீட்டில் சுட்டு என் ஆர்டரை முடித்துக் கொடுத்தீர்கள். ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை. என் முறுக்கைவிட நன்றாக இருந்தது என்று ஒரு கஸ்டமர் சொன்னதை மட்டும் மறக்கமாட்டேன்.

லோரி அண்ணே, ஒரு தடவை அடித்த உருளையை மறுபடி நிரப்பாமல் நம்ப முடியாது, அதனால் புதிது ஒன்று வாங்கி உங்கள் வாசலில் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொண்டுவந்தால் பேசமாட்டேன். அப்புறம், என் வீட்டில் இப்போது யாருடையதோ இரண்டு துடைப்பம், ஒரு பச்சை வாளி, இடது கால் நீலச் செருப்பு ஒன்று கிடக்கின்றன. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்.