சின்னவன் தவழாததைப் பற்றி ருக்குமணிக்கு

காங்கேயம்
ஆடி மாதம்

அன்புள்ள ருக்குமணி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள், நடுவன் அங்கன்வாடியில் அழாமல் உட்காருகிறான் என்பதில் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். ஆடிக்காற்றுக்கு முன்னால் ஓடு மாற்றி முடித்தாயிற்று, வேறு விசேஷம் இல்லை. இனிச் சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து மாதமாகியும் தவழவில்லை, உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு நகர்கிறான், அக்காள் இதே வயதில் கட்டிலைப் பிடித்து நின்றாள் என்று உன் மாமியார் சொல்லிச் சொல்லி உனக்கு வெசனம் பிடித்துவிட்டது. முதலில் வயதைச் சரியாகக் கணக்குப் போடு. ஐந்து வாரம் முந்திப் பிறந்தவன். இரண்டு வயது வரை அந்த ஐந்து வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவனுக்கு இன்னும் ஒன்பது மாதம் நிறையவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுப்படி, கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5 மாதத்திலிருந்து 13½ மாதத்துக்குள் எப்போது வந்தாலும் சரி. தனியே நடப்பதற்கு 8 முதல் 17½ மாதம். நூற்றில் நாலு பிள்ளைகள் தவழாமலேயே நடந்துவிடும். உட்கார்ந்து நகர்கிற பிள்ளைகள் நடக்கவும் கொஞ்சம் பிந்தும். அதை இப்போதே மாமியார் காதில் போட்டு வை.

எனக்கு உறுத்துவது வேறு. உன் வீட்டில் கைகள் அதிகம். அப்பத்தா இடுப்பில் பாதி நாள், தூரித் தொட்டிலில் மீதி நாள். பந்து உருண்டால் இவன் கை நீட்டும் முன்பே பெரியவள் எடுத்து மடியில் வைக்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். எல்லாம் பாசம்தான், ஆனால் பிள்ளைக்கு நகர வேண்டிய அவசியமே வருவதில்லை. அவன் தானாக எதைச் செய்கிறான் என்பதும் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஒரு பவானி ஜமக்காளத்தை விரி. மெத்தை வேண்டாம், கை புதையும். வெறும் டைல்ஸ் வழுக்கும். கால்சட்டை முட்டிக்கு மேலே நிற்கட்டும், சாக்ஸ் கூடாது. தொளதொள சட்டையின் விளிம்பு முட்டிக்கு அடியில் மாட்டினால் முன்னால் போக முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவான். பால் கொடுத்து அரைமணி கழித்து, ஐந்து ஐந்து நிமிடமாக நாளைக்கு ஏழெட்டுத் தடவை போதும்.

அப்புறம் உன் காலை நீட்டி உட்கார். அவனை உன் தொடைக்குக் குறுக்காகக் கவிழ்த்துப் போடு. இந்தப் பக்கம் இரண்டு முட்டியும் தரையில், அந்தப் பக்கம் இரண்டு உள்ளங்கையும் தரையில் படவேண்டும். வயிற்றின் பாரத்தை உன் தொடை தாங்கும். விரல்கள் விரிந்திருக்கின்றனவா என்று பார். முஷ்டி மூடியிருந்தால் உள்ளங்கையை மெல்ல நீவிவிடு. கைக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பொம்மையை வை. நடுவனை எதிரே குப்புறப் படுக்கச் சொல். அண்ணன் முகம் தன் கண்மட்டத்தில் இருந்தால் எந்தப் பொம்மையையும் மிஞ்சிவிடும். பெரியவளுக்கு ஒரே ஒரு சட்டம்: பந்தை எடுத்துத் தரக்கூடாது, பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு எண்ணுகிற வேலை ரொம்பப் பிடிக்கும்.

உன் கொழுந்தனார் வாங்கித் தருவதாகச் சொன்ன சக்கர வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் பிள்ளை நுனிக்காலால் உந்திப் பழகும், அடுப்படிக்கும் வாசற்படிக்கும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். கனடாவில் 2004-இலேயே தடை செய்துவிட்டார்கள். நம் மர நடைவண்டி வேறு ரகம், பிள்ளை பின்னால் நின்று தள்ளுவது. கட்டிலைப் பிடித்துப் பக்கவாட்டில் அடி வைக்க ஆரம்பித்த பிறகு அதைக் கொடு. வேகமாக ஓடினால் சக்கரத்தில் துணி சுற்று.

விரல் பிடிப்புக்குச் சந்தகையைவிட, அதுதான் நம் அரிசிச் சேவையைவிட, நல்லது இல்லை. இரண்டு அங்குலமாகக் கிள்ளித் தட்டில் உதிர்த்துப் போடு. முதலில் கை முழுவதாலும் வாரி எடுப்பான், பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும். ஆனால் அண்ணனும் அக்காளும் ஊட்டிவிடுவதில் பயம் இருக்கிறது. நிலக்கடலை, தேங்காய்ச்சில்லு, முறுக்குத் துண்டு எதுவும் அவன் வாய்க்குப் போகக்கூடாது. தொண்டையில் அடைத்து, அழவோ இருமவோ முடியாமல் போனால், குப்புற முன்கையில் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. மல்லாத்தி நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. வெளிவரும் வரை மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதே, இன்னும் உள்ளே போகும். நடுவனின் பொம்மைக் காரில் இருக்கிற பட்டன் பேட்டரி மூடியை இன்றே திருகாணி போட்டு இறுக்கு. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

பேச்சு பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. வீட்டில் எந்நேரமும் யாராவது பேசுகிறார்கள், ஆனால் இவனைப் பார்த்துப் பேசுகிறார்களா? காலையில் பெரிதுகள் கிளம்பியபின், தறி நின்றிருக்கும் நேரமாகப் பார்த்து, பின்னாலிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடு. தறிச்சத்தத்தில் கூப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. திரும்புகிறானா, "பாபாபா, தாத்தாத்தா" என்று அடுக்குகிறானா என்று எனக்கு எழுது. டிவி இந்த வயதுக்கு வேண்டாம்.

எதற்குக் காத்திருக்கக்கூடாது என்றால்: ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது, நகரும்போது ஒரு கால் மட்டும் இழுபடுவது, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருப்பது, வந்த திறமை போய்விடுவது. இதில் ஒன்று இருந்தாலும் தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போ. இல்லாவிட்டால் 13½ மாதம் வரை பொறுக்கலாம். 18 மாதத்தில் நடக்கவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். இரண்டுக்கும் அந்த ஐந்து வாரத்தைக் கழித்த கணக்குத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் தொடாமல், ஜமக்காளத்தில் மல்லாத்தி விட்டு, அவன் புரண்டு எழுந்து உட்காருவதையும் நகர்வதையும் பக்கவாட்டிலிருந்து இரண்டு நிமிடம் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. முட்டி தெரிய வேண்டும், பேண்ட் போட்டுவிடாதே.

உன்
சாந்தாமணி