நம் நாய் வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். பெயர்ப் பட்டியலில் 41 பேர் இருக்கும் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு 16 நாற்காலி போதுமானதாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்கிறேன். வராதவர்களுக்கும் இந்த அறிக்கை போய்ச் சேரும்.

ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு கூட்டங்கள் மழையால் தள்ளிப்போயின. செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினத்தன்று பழைய வண்ணாரப்பேட்டையில் தடுப்பூசி முகாம் நடந்தது. மாநகராட்சி உரிமத்துக்குப் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. நாய் வளர்ப்போர் சங்கத்துக்குக் கோலப்போட்டி எதற்கு என்று கேட்டவர்கள், சுண்டலைச் சாப்பிட்டு முடித்த பிறகே கேட்டார்கள்.

இனி மரபணு சோதனைத் திட்டம். இது செயலாளரின் சொந்தப் பிடிவாதம் என்று ஒரு பேச்சு உலவுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்கம் உங்களுக்குத் தெரியும். தண்டையார்பேட்டை உறுப்பினரின் லாப்ரடார், ஒன்றரை வயதுக் கடுவன், காசிமேட்டுப் பக்கம் கடற்கரையில் பந்து துரத்தி விளையாடிக்கொண்டிருந்தபோது பத்தே நிமிடத்தில் பின்னங்கால்கள் துவண்டு மணலில் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் எழுந்து ஒன்றுமே நடக்காததுபோல் வாலை ஆட்டியது. வெயில் என்றார் ஒருவர். மாலை ஆறு மணிக்கு ஏது வெயில்? கண்ணேறு என்று எலுமிச்சம்பழமும் சுற்றிப் போட்டார்கள். மூன்றாவது முறை விழுந்த பிறகுதான் இரத்த மாதிரி சோதனைக்குப் போனது. டிஎன்எம்1 என்ற மரபணுவில் பழுது. கடும் ஓட்டத்துக்குப் பிறகு லாப்ரடார்கள் நிலைகுலையும் இந்தக் கோளாறுக்கு அந்த மரபணுவே காரணம் என்று மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தக் கடுவனின் தாயும் தந்தையும் நம் உறுப்பினர்கள் இருவரின் வீட்டில் இருப்பவை. இரண்டும் இன்றுவரை ஒருநாளும் விழுந்ததில்லை. இதைத்தான் ஜூன் கூட்டத்தில் மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு விளக்கினேன். குட்டிக்கு ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. இரண்டும் பழுதானால் நோய். ஒன்று மட்டும் பழுதானால் நாய்க்கு ஒரு குறையும் தெரியாது. பழுதைத் தன் குட்டிகளில் சிலவற்றுக்குக் கடத்தும். அப்படிப்பட்ட இரண்டு நாய்களை இணை சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி நோயோடு பிறக்கும். அப்படியானால் மூன்று குட்டியோடு நிறுத்திக்கொண்டால் தப்பிக்கலாமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் சிரிக்காமல் கேட்டதால் நானும் சிரிக்காமல் பதில் சொன்னேன்: ஒவ்வொரு குட்டிக்கும் தாயம் தனியாக உருட்டப்படுகிறது.

அதே கூட்டத்தில் என் தீர்மானம் நிறைவேறியது. இணை சேர்க்கும் முன் ஒவ்வொரு லாப்ரடாருக்கும் இந்தச் சோதனையும், விழித்திரை தேய்ந்து பார்வை போகும் நோய்க்கான பி.ஆர்.சி.டி. சோதனையும் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கண் நோயை ஏன் சேர்த்தேன் என்றால், அது குட்டியில் தெரியாது. முதலில் இருட்டில் தடுமாறும், பிறகு பகலிலும். அறிகுறி வெளிப்படும் வயதுக்குள் ஒரு கடுவன் நாலைந்து பெட்டைகளுக்கு இணை சேர்ந்து, அதன் குட்டிகள் திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர்வரை பரவியிருக்கும். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் 23 பேர். நாயைக் கொண்டுவந்தவர்கள் 7 பேர்.

அந்த ஏழில் ஒன்று என் வீட்டுப் பெட்டை. கண் நோய்ச் சோதனையில் அவளுக்கு ஒரு பிரதி பழுது என்று வந்தது. மறைக்கவில்லை, அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக நானே வாசித்தேன். அதன் விளைவு, செயலாளர் வீட்டு நாய்க்குக் கண் தெரியாது என்று ஒரு வாரத்தில் கொருக்குப்பேட்டைவரை செய்தி போய்விட்டது. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். சென்ற வாரம் சமையலறை மேடையிலிருந்த வஞ்சிர மீன் துண்டு, விளக்கு அணைந்திருந்தபோதுதான் காணாமல்போனது.

இன்னொரு பக்கம், பழுது உள்ள நாய்களையெல்லாம் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். இதையும் நான் ஏற்கவில்லை. ஒரு பிரதி மட்டும் பழுதான நாயைச் சுத்தமான, அதாவது இரண்டு பிரதியிலும் பழுதில்லாத, நாயோடு இணை சேர்த்தால் அந்த நோயோடு ஒரு குட்டியும் பிறக்காது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் பழுதைச் சுமக்கும், அவ்வளவுதான். அவற்றையும் சோதித்து, சுத்தமானவற்றை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். நல்ல குணமும் நல்ல உடற்கட்டும் உள்ள நாய்களை ஒரே ஒரு காகிதத்துக்காகத் தள்ளிக்கொண்டே போனால், மிஞ்சுவது நான்கைந்து நாய்களின் வம்சம். அதற்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் நாம் பெயர்கூடக் கேட்டிராத வேறு நோய் தலைதூக்கும். என் நாயைக் காப்பாற்றவே இப்படிப் பேசுகிறேன் என்பவர்கள் பேசட்டும்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பதுதானே என்று வீட்டிலேயே எடுத்து அனுப்ப அனுமதித்திருந்தோம். கடுவன் என்று எழுதி அனுப்பிய ஒரு மாதிரிக்குச் சோதனைக்கூடம் பெட்டை என்று பதில் அனுப்பியது. அந்த உறுப்பினர் வீட்டில், ஏற்கெனவே சுத்தம் என்று சான்று வாங்கிய ஒரு பெட்டையும் இருக்கிறது. மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை. கால்நடை மருத்துவர் முன்னிலையில், நாயின் தோலுக்கடியில் பொருத்திய மைக்ரோசிப்பின் அடையாள எண்ணைச் சரிபார்த்த பிறகே மாதிரி எடுக்கப்படும் என்று இப்போது விதி செய்திருக்கிறோம்.

ராஜபாளையம் வளர்ப்பவர்கள், இது சீமை நாய்க்காரர்கள் கவலை என்று ஒதுங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு இனங்களில் கண்டறிந்த சோதனைகள் நம் நாட்டு இனங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவது ராஜபாளையத்தில் தெரிந்த விஷயம். தட்டை வீசிச் சத்தம் எழுப்பிப் பார்த்துவிட்டோம் என்கிறார்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டியும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும். ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலி கொடுத்து, மூளைக்குப் போகும் மின் சமிக்ஞையை அளந்தால்தான் தெரியும். இடுப்பு மூட்டுக் கோளாறு வேறு வகை: பல மரபணுக்களும், தீனியும், வளர்ப்பும் சேர்ந்து தீர்மானிப்பது. அதற்கு எக்ஸ்ரேதான் வழி. நாய்களின் மூட்டுகளைப் பரிசீலித்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் நிறைந்த பிறகே இறுதிச் சான்று தருகிறது. நம்மில் சிலர் அந்த வயதுக்குள் இரண்டு ஈத்து எடுத்துவிடுகிறார்கள். 18 மாதத்துக்கு முன் பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று மத்திய அரசின் 2017 ஆம் ஆண்டு விதிகள் சொல்வதைத் தலைவர் மூன்று கூட்டங்களில் வாசித்தார். மூன்றிலும் யார் கேட்க வேண்டுமோ அவர்கள் வரவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. சோதனைக் கட்டணத்தில் சங்கம் ஏற்ற பங்கும் மாதிரிகளை அனுப்பிய கூரியர் செலவும் அதில் அடக்கம். கோலப்போட்டிச் செலவு தனி. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். கட்டியவர்கள் 19 பேர். ஒரு குட்டியைப் பல ஆயிரத்துக்கு விற்றுவிட்டு, 600 ரூபாய்க்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்பவர்களின் பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

மொட்டைமாடியை வாடகையின்றித் தந்த பழைய வண்ணாரப்பேட்டை உறுப்பினருக்கும், முகாமுக்கு வந்த மருத்துவர்களுக்கும், தேநீர் போட்டுக் கொடுத்த அவர் வீட்டம்மாவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பில் தொடர விருப்பமில்லை என்று சென்ற ஆண்டே சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன், யாராவது முன்வந்தால். முன்வருபவரிடம் ஒப்படைக்க ஏழு நாய்களின் சான்றுக் கோப்பு தயாராக இருக்கிறது. அது ஏழாகவே இருந்தால் தூக்கிச் செல்லச் சுலபம். மரபணு மாதிரி எடுக்கும் அடுத்த முகாம் ஜூலை இரண்டாம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு. மாதிரி எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து நாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் கூட்டிவாருங்கள். சந்தா ரசீதையும் எடுத்துவாருங்கள். இல்லாதவர்களுக்கு ரசீதுப் புத்தகம் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்