யாழ்ப்பாணத்து வீடியோ நிலைய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களே,

நல்லூர்க் கொடியேற்றம் முதல் சாமத்திய வீடு வரை நீங்கள் பதிவுசெய்யும் காட்சிகளைத் தொகுத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகின்றேன். வேண்டுகோள் ஒன்றுதான்: கமரா எழுதிய கோப்புகளை எதையும் கழிக்காமலும் மாற்றாமலும் எங்களிடம் ஒப்படையுங்கள்.

சென்ற ஆவணியில் ஒரு கலியாணத்தின் பதிவு பென் டிரைவில் வந்தது. அது ஏவிசிஎச்டி கமராவில் எடுத்தது. இவ்வகைக் கமராக்கள் நீண்ட காட்சியை ஒரே கோப்பாக எழுதுவதில்லை. குறித்த அளவு நிறைந்ததும் எம்டிஎஸ் எனப்படும் அடுத்த காட்சிக் கோப்பைத் தொடங்கிவிடும். அவற்றைத் தொடுக்கும் விபரம் மெமரி காட்டிலுள்ள வேறு கோப்புறைகளில் இருக்கும். அனுப்பியவரோ அவற்றைத் தேவையற்றவை எனக் கருதி, எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பிரதிசெய்திருந்தார். கோப்பு மாறும் இடத்தில் ஒலி அறுந்தது. அது கெட்டிமேள நேரமாகவும் அமைந்துவிட்டது. மெமரி காட்டோ அதற்குள் அழிக்கப்பட்டிருந்தது.

"எம்பி4 தானே, எதிலும் ஓடும்" என்று நீங்கள் சொல்வதுண்டு. எம்பி4, எம்ஓவி என்பவை வெறும் உறைகள், உள்ளே காட்சியைச் சுருக்கும் முறைகளில் எச்.264 இருக்கலாம், 2013 இல் வெளிவந்த எச்.265 உம் இருக்கலாம். பிந்தியது இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதை விரித்துக் காட்டக் கணினி கூடுதலாக உழைக்க வேண்டும் என்பதால், பழைய கணினிகளில் காட்சி இழுத்து இழுத்தே ஓடும். அதற்காக நீங்கள் முன்கூட்டியே மாற்றித்தர வேண்டாம்; மீண்டும் சுருக்கும்போதெல்லாம் படத்தரம் குறைகின்றது. புரொக்சி எனப்படும் இலேசான பதிலிக் கோப்புகளை நாங்களே உருவாக்கித் தொகுத்து, இறுதி வெளியீட்டை மூலக்கோப்புகளிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

கைப்பேசிப் பதிவுகள் தனித் தலையிடி. செக்கனுக்கு இத்தனை சட்டங்கள் (பிரேம்கள்) என்ற கணக்கைக் கைப்பேசி தானாகவே கூட்டிக் குறைப்பதால், நீண்ட பதிவில் தவில்காரரின் கை ஒருபக்கமும் ஓசை இன்னொரு பக்கமும் போய்விடுகின்றன. அதைச் சரிசெய்யும் வேலை எங்களுடையது. ஆனால் எல்லாக் கமராக்களையும் 25 சட்டங்களில் வைப்பது உங்கள் கையில் உள்ளது. ஐபோனிலும் பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையின் வடிவங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் 25 கிடைக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், அதற்கு ஒத்துப்போகும் 25 இல் மண்டப ரியூப் லைட்டின் மினுக்கமும் பெரும்பாலும் அடங்கும். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பியதை மூலப்பிரதி என்று தயவுசெய்து தராதீர்கள்.

மெமரி காட்டை முழுமையாகப் பிரதிசெய்து தாருங்கள். நாங்கள் திறந்து பார்த்துச் சரியென்று சொல்லும்வரை அதை அழிக்காதிருங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துப் படத்தொகுப்பாளர் ஒருவர்