கொடைக்கானல் ஏரியைப் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியில்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேரப்பிள்ளைகளோடு கொடைக்கானலுக்கு வரப்போவதாகவும், ஏரியில் படகு விடுவதைத் தவிர வேறென்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

அது இயற்கையாக அமைந்த ஏரி என்றே வருகிறவர்களில் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில், மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைநீர் தேங்கிய சதுப்பு நிலத்துக்குக் கரை கட்டி 1863-இல் உருவாக்கிய நீர்நிலை அது. அமெரிக்க மிஷனரிகள் 1845-இலேயே அங்கு குடியேறத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பின்னர் அந்த ஊர் வளர்ந்தது இந்த ஏரியைச் சுற்றித்தான். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைத் தருவித்தவரும் லெவிஞ்ச்தான் என்பார்கள். மோட்டார் சாலை இல்லாத காலத்தில், குதிரையிலும் டோலியிலும் மனிதர்களே சிரமப்பட்டு ஏறிய மலைக்கு ஒரு படகைக் கொண்டு சேர்த்தவர்களின் உழைப்பை நினைத்துப் பார். அவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் உள்ள குறை.

ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியை நட்சத்திர வடிவம் என்று வருணிப்பது வழக்கம். அணையால் தேங்கிய நீர் சுற்றியுள்ள சிறு பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்ததால் வந்த வடிவம் அது. கரையில் எங்கு நின்றாலும் முழு ஏரியும் கண்ணில் படாது. ஒவ்வொரு வளைவிலும் புதிதாக ஒரு கை நீண்டு செல்லும். அதனால்தான் படகைவிட, ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளும் கரைச் சாலையையே உனக்குப் பரிந்துரைக்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடு. வாடகைக் குதிரைகள் வரிசைக்கு வந்திருக்காது, பனிமூட்டம் நீரிலிருந்து துண்டு துண்டாகக் கிளம்பும், எதிர்க்கரையில் யாரோ துடுப்புப் போடும் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்கும். உன்னால் முடிந்தவரை நட. பிள்ளைகள் வாடகை சைக்கிளில் சுற்றி வரட்டும்.

படகுக் குழாம் 1890-இல் தோன்றியது. அங்கு துடுப்புப் படகும் மிதி படகும் கிடைக்கும். பிள்ளைகள் மிதி படகைத்தான் கேட்பார்கள், ஆனால் பாதி ஏரியைத் தாண்டுவதற்குள் கால் வலிக்கிறது என்று உன்னிடமே ஒப்படைத்துவிடுவார்கள். உன் முழங்காலை எண்ணி, படகோட்டியுடன் துடுப்புப் படகையே எடுத்துக்கொள். கிழக்குக் கரையை ஒட்டியே பிரையண்ட் பூங்கா இருக்கிறது.

மலையேறும் வழியில் வெள்ளி அருவியில் எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள். ஏரி நிரம்பி வழியும் நீரே அங்கு விழுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்; அருவியின் மூலத்தை மேலே சென்று பார்க்கப்போகிறோம் என்றால் அவர்களுக்குப் பயணமே சுவையாகிவிடும்.

கவலையும் உண்டு. கரை கட்டி ஆக்கிய ஏரி என்பதால் வண்டலையும் களைச்செடிகளையும் அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்க் கழிவுநீர் கலக்காமலும் காக்க வேண்டும். 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் ஏரி மீன்களிலும் காணப்பட்டதாக ஆய்வாளர்கள் எழுதியது உனக்கு நினைவிருக்கும். கூட்டம் பெருகியதால், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்துள்ளது. உள்ளூர் வியாபாரிகளுக்கு அதில் வருத்தம் இருக்கலாம், எனக்கு அது தேவையான கட்டுப்பாடாகவே படுகிறது.

ஆகவே, கிளம்புவதற்கு முன் மருமகனிடம் சொல்லி இணையத்தில் இ-பாஸ் எடுத்துவிடு. கோடை விடுமுறையைத் தவிர்த்து, வார நாளாகப் பார்த்து வந்தால் நானும் வத்தலக்குண்டில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். தேதியை முடிவு செய்து எழுது.

அன்புடன்,
ராமநாதன்