இந்தக் குளிர்காலம் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நனைந்துதான் வந்து சேர்ந்தது. உறை மேலே என் பெயரில் பாதி கரைந்துபோயிருந்தது. உள்ளே இருந்த கோபம் மட்டும் கொஞ்சமும் கரையவில்லை.

உன் வீட்டுக்காரருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வீட்டில் இவ்வளவு தூசி இருப்பது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராமே. கையில் ஒரு துணியைக் கொடுத்துவிடு, சரியாகிவிடும். இங்கே சின்னவளுக்குப் புது வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து பார்க்கிறாள், மீதி நாள் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு போகிறாள். என் முழங்கால் இந்த வருஷம் தொந்தரவே தரவில்லை. அதை வைத்தே இந்தக் குளிர்காலம் பற்றிய நம் சண்டையில் நான் எந்தக் கட்சி என்று நீ முடிவு கட்டியிருப்பாய். அவசரப்படாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ மூன்று பக்கம் எழுதியதில் சாரம் இதுதான்: இது குளிர்காலமே இல்லை, டிசம்பரிலிருந்து தூறலும் மூட்டமும்தான், சேர்ந்தாற்போல ஒரு வாரம்கூடத் தரை உறையவில்லை, இப்படி ஏய்த்த பருவம் பின்னால் வட்டியும் முதலுமாக வசூலிக்காமல் விடாது, ஏப்ரலில் பனி கொட்டும், அது தப்பினால் கோடையில் காய்ச்சி எடுக்கும். என் தம்பி இதற்கு நேர் எதிர். வீட்டைச் சூடாக்கும் செலவு மிச்சம், யாரும் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொள்ளவில்லை, வருஷா வருஷம் இப்படியே இருந்தால் என்ன குறைந்துவிடும் என்கிறான். உங்கள் இரண்டு பேர் கட்சியிலும் நான் சேரவில்லை. வானத்திடம் கணக்குப் புத்தகம் கிடையாது என்பது என் எண்ணம். மண்ணிடமும் மரத்திடமும் அது இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள்.

முதலில் வானத்தைப் பார்ப்போம். இந்த மாதிரி மழைக் குளிர்காலம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று வரும் திசைதான். ஐஸ்லாந்துப் பக்கம் இருக்கும் தாழ்வழுத்தமும், அட்லாண்டிக்கில் போர்ச்சுகலுக்கு மேற்கே உள்ள அசோர்ஸ் தீவுகள் பக்கம் இருக்கும் உயர்வழுத்தமும் இரண்டுமே வலுவாக இருந்தால், நடுவில் மேற்கிலிருந்து வரும் மேலைக்காற்று வேகமாக ஓடும். அது கடல் மேலேயே பயணப்பட்டு வருவதால் வெதுவெதுப்பையும் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவரும். வட ஐரோப்பா நனையும், மத்தியதரைக் கடல் பக்கம் காயும். இரண்டும் பலவீனமானால் மேலைக்காற்று தளர்ந்து, வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் குளிர் உள்ளே நுழையும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு வடஅட்லாண்டிக் அலைவு என்று பெயர் வைத்தவர் கில்பர்ட் வாக்கர். 1904ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கணிதக்காரர் அவர். நம் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகத்து அழுத்தக் கணக்குகளையெல்லாம் குடைந்தபோது இது கையில் மாட்டியது. எல் நினோவோடு சேர்த்துப் பேசப்படும், பசிபிக் பக்கத்து அழுத்த ஏற்ற இறக்கமான தென் அலைவையும் அடையாளம் கண்டவர் அவர்தான். பருவமழை பிடிபட்டதோ இல்லையோ, ஐரோப்பாவின் குளிர்காலத்துக்கு ஒரு சாவி கிடைத்துவிட்டது.

இதில் ஈரம் ஏன் இவ்வளவு என்று கேட்டிருந்தாய். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். கடலும் காற்றும் முன்னைவிடச் சூடாக இருக்கும் காலத்தில், அதே புயல் அதே வழியில் வந்தாலும் கூடுதலாகவே கொட்டும். இங்கே கொஞ்சம் நில். நீ சொல்லும் வட்டிக் கணக்கு உண்மையாக இருந்தால், வருஷங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது சராசரி வெப்பநிலை பழைய இடத்துக்கே திரும்பியிருக்க வேண்டும். அது திரும்பவில்லை, மேலேதான் ஏறிக்கொண்டிருக்கிறது.

பழைய பதிவுகளையும் புரட்டிப் பார்த்தேன். 2013-14 குளிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெய்த மழை, 1766ல் தொடங்கும் அவர்களுடைய பதிவிலேயே எந்தக் குளிர்காலத்திலும் பெய்யாத அளவு. குளிரும் இல்லை. உன் சட்டப்படி அந்த வசந்தம் உறைந்திருக்க வேண்டும். இதமாகத்தான் இருந்தது. 2014 முழுவதையும் எடுத்தால் பிரிட்டனுக்கு அதுவரை பதிவானதிலேயே வெப்பமான வருஷம். தலைகீழாகவும் பார். 2012 வசந்தத்தில், இரண்டு வறண்ட குளிர்காலம் முடிந்து, தோட்டக் குழாய்க்குத் தடை போடும் அளவுக்கு அங்கே தண்ணீர்ப் பஞ்சம். அறிவிப்பு வந்த கையோடு ஏப்ரலில் மழை வெளுத்து வாங்கியது, ஏப்ரல் மாதச் சாதனையையே முறியடித்தது. இதைப் பார்த்து "ஆகா, கணக்குத் தீர்த்துவிட்டது" என்று நீ குதிப்பாய். அப்படியென்றால் 2014ல் ஏன் தீர்க்கவில்லை? பொருந்துகிற வருஷம் ஞாபகத்தில் தங்கும், பொருந்தாதது மறந்துபோகும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

ஏப்ரல் பனி பற்றி நீ சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அது வரக்கூடியதுதான். ஆனால் வரும் வழி வேறு, எனக்கு இதைப் பற்றிப் படிக்கப் படிக்க அலுக்கவே இல்லை. வடதுருவத்துக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தையும் தாண்டி, குளிர்காலம் முழுவதும் ஒரு பெரிய மேலைக்காற்றுச் சுழல் சுற்றிக்கொண்டிருக்கும். கீழேயிருந்து மலைகளாலும் கடல் நில வெப்ப வேறுபாட்டாலும் கிளம்பும் காற்றுப் பேரலைகள் சில வருஷங்களில் மேலே போய் அதை மோதும். சுழல் தளரும், இடம் பெயரும், சில சமயம் இரண்டாகப் பிளக்கும். அப்போது துருவத்துக்கு மேலே காற்று கீழிறங்கி அமுங்கிச் சூடாகிறது. சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சில நாளில் 50 டிகிரி வரைக்கும்கூட ஏறும் என்றால் பார்த்துக்கொள். 1952ல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் இதை முதலில் கவனித்தார். இதன் விளைவு கீழே நம்மை எட்ட ஓரிரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். எட்டினால் மேலைக்காற்று ஒடுங்கி, கிழக்கிலிருந்து குளிர் வரும்.

எட்டினால் என்று சொன்னேனே, வேடிக்கை அங்கேதான். 2018 பிப்ரவரி நடுவில் இப்படிச் சுழல் உடைந்தது. மாதக் கடைசியில் சைபீரியக் காற்று ஐரோப்பா முழுவதும் பரவியது. பிப்ரவரி 26 அன்று ரோம் நகரத்தில் பனி பெய்தது. அடுத்த வருஷம் ஜனவரி தொடக்கத்திலும் சுழல் உடைந்தது. அந்த வருஷம் அதே பிப்ரவரி 26 அன்று லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி! குளிர்காலத்தில் பிரிட்டன் அதுவரை பார்க்காத வெயில். மேலே நடந்தது ஒரே வகைச் சங்கதி, கீழே வந்தது இரண்டு விதம். இதில் எங்கே பழி, எங்கே பாக்கி?

என் தம்பிக்கும் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். சும்மா சுகவாசி என்று அவனை ஒதுக்கிவிட முடியாது. 13 நாடுகளின் மரணக் கணக்கை வைத்து 2015ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், குளிரோடு தொடர்புள்ளவை 7.3 சதவீதம், வெப்பத்தோடு தொடர்புள்ளவை 0.4 சதவீதம்தான். இதைக் காட்டினால் துள்ளுவான். ஆனால் அதே ஆய்வு, அந்தக் குளிர் மரணங்களில் பெரும்பகுதி கடுங்குளிரில் நடப்பதில்லை, சாதாரண மிதக் குளிரில்தான் நடக்கின்றன என்றும் சொல்கிறது. அதாவது இப்போது போய்க்கொண்டிருக்கும் இந்த மாதிரி ஈர நாட்களும் அதில் சேர்த்தி. துணி காய மாட்டேன் என்கிறது, சுவர் ஓரம் பூசணம் பிடிக்கிறது, வீட்டில் யாருக்காவது இருமல் இருந்துகொண்டே இருக்கிறது. உறையவில்லை என்பதால் உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடாது.

இனி மண்ணுக்கு வருகிறேன். கணக்கு எழுதப்படுவது இங்கேதான். குளிர்காலத்தில் செடிகொடிகள் அதிகம் குடிப்பதில்லை, ஆவியாவதும் குறைவு. அதனால் நிலத்தடி நீர் நிரம்புவதற்கு உகந்த காலம் இது. இந்த வருஷம் அந்த விஷயத்தில் குறையில்லை, கோடைப் பஞ்சம் பற்றிய உன் பயத்துக்கு இது ஓரளவு பதில். 2003ல் ஐரோப்பாவை வறுத்த வெப்ப அலை அவ்வளவு மோசமானதற்கு, வசந்தத்திலேயே மண் காய்ந்திருந்ததும் ஒரு காரணம். ஈரமான மண் முதலில் நீரை ஆவியாக்கத்தான் சூட்டைச் செலவழிக்கும். ஆனால் உனக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது, வேர் ஆழமாகப் போகாது. மே மாதம் மேல்மண் காய்ந்ததும் அந்தப் பயிர்தான் முதலில் வாடும். அடியில் தண்ணீர் இருந்தும் வேர் எட்டாது. மலைநாடுகளில் கதை இன்னும் மோசம். பனியாக விழுந்திருந்தால் கோடை வரை காத்திருந்து உருகியிருக்கும். மழையாக விழுந்தது அன்றைக்கே ஆற்றோடு போய்விடும். 2015 ஏப்ரல் முதல் தேதி கலிபோர்னியாவில் மலைப்பனியை அளந்தபோது வழக்கமான அளவில் 5 சதவீதம்தான் இருந்தது. என் தம்பி இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

அப்புறம் பூச்சிகள். செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிக்கு இந்தக் குளிர்காலம் கொண்டாட்டம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1964 முதல் உறிஞ்சு பொறி வைத்துப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஜனவரியும் பிப்ரவரியும் எவ்வளவு வெதுவெதுப்போ அவ்வளவு சீக்கிரம் அவை பறக்கத் தொடங்குகின்றன. உன் ரோஜாவைப் பார்த்துக்கொள். தூங்கும் பிராணிகளுக்கு நேர்மாறு. முள்ளெலி நடுவில் விழித்துக்கொண்டால் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்துவிடும், வெளியே இரையும் இருக்காது.

ஹோலி மரத்தில் போன இலையுதிர் காலத்தில் சிவப்புக் காய் அப்பிக்கொண்டிருந்ததால் கடுங்குளிர் வரும் என்று உன் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னாராம். நீயும் அதை நம்பி நாலு கம்பளி வாங்கினாயாம். காய் நிறையப் பிடித்தது, அதற்கு முந்தைய வசந்தத்தில் பூ நன்றாகப் பூத்து, தேனீ ஒழுங்காக வந்ததால். மரம் போனதைத்தான் சொல்லும். வருவதை அதனிடம் கேட்காதே.

எனக்கு நிஜமாகவே கவலை உன் ஆப்பிள் மரம்தான். ஆப்பிளில் பல வகைகளுக்கு, மொட்டு ஒழுங்காக விழிக்க 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் வரை குளிர் வேண்டும். இந்த வருஷம் உறையாவிட்டாலும் அந்த அளவு கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு டிகிரியிலும் ஐந்து டிகிரியிலும் இழுத்துக்கொண்டே போயிற்றே. ஆபத்து இனிமேல்தான். குளிர்க் கணக்கு முடிந்த மரம், சூட்டுக்காகக் காத்திருக்கும். மார்ச்சில் நாலு நாள் வெயில் அடித்தால் பூத்துவிடும். அதன் பிறகு ஏப்ரலில் வரும் உறைபனி வழக்கமானதாகவே இருக்கலாம், கொஞ்சமும் கடுமையாக இருக்கத் தேவையில்லை. 2012ல் அமெரிக்காவின் மிச்சிகனில் இப்படித்தான் ஆயிற்று. மார்ச்சில் சாதனை வெயில், மரங்கள் எல்லாம் முன்கூட்டி விழித்துவிட்டன, ஏப்ரல் உறைபனியில் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ 90 சதவீதம் போய்விட்டது. 2021ல் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களுக்கும் அதே கதி. மார்ச் கடைசியில் கோடை மாதிரி வெயில், ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி, இரவெல்லாம் கொடிகளுக்கு நடுவே மெழுகுத் தீபங்களை ஏற்றிக் காத்தார்கள்.

ஆகவே நீ போடச் சொன்ன பந்தயத்துக்கு நான் வரவில்லை. ஒரு வாரத்துக்கு மேலே எந்த நாளில் என்ன என்று யார் சொன்னாலும் சந்தேகப்படு. பருவம் முழுவதற்கும் வாய்ப்புக் கணக்கு மட்டும் சொல்லலாம். ஏப்ரலில் ஒரு இரவாவது பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்றால் அது பந்தயமே இல்லை, பாதி வருஷங்களுக்கு மேல் நடப்பதுதான்.

நீ செய்ய வேண்டியது இது. பழைய திரைச்சீலையோ மெல்லிய துணியோ, மரத்தை மூடும் அளவுக்கு எடுத்து வைத்துக்கொள். முழுசாகப் பூத்த ஆப்பிள் பூவில் -2.2 டிகிரியில் பத்தில் ஒன்று கருகும், -3.9 போனால் பத்தில் ஒன்பது. அதனால் மேகமில்லாத, காற்றசையாத இரவு என்று முன்னறிவிப்பு வந்தால் சாயங்காலமே மூடிவிடு, காலையில் எடுத்துவிடு. இல்லையென்றால் தேனீ வராது. புதிதாகக் கண் திறந்த உங்கள் வீட்டுக்காரரை ஏணியில் மட்டும் ஏற்றிவிடாதே, மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகு பார்க்கலாம். சின்னவள் ஈஸ்டர் விடுமுறைக்கு உன்னிடம் வருவதாகச் சொல்கிறாள், ஏணி வேலையை அவளிடம் விட்டுவிடு.

அடுத்த கடிதத்தை பந்துமுனைப் பேனாவில் எழுது, மையாவது கரையாமல் வரும்.

அன்புடன்,
உன் பழைய தோழி