எடையைச் சொல்லாமல் ஆர்ச்சர் கதையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஆங்கிலேய ஜாக்கி (பந்தயக் குதிரை ஓட்டுபவர்) ஃபிரெட் ஆர்ச்சரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1874 முதல் 1886 வரை 13 வருடம் தொடர்ந்து சாம்பியன், 2,748 வெற்றி, அதில் இங்கிலாந்தின் பேர்பெற்ற டெர்பி ரேஸில் மட்டும் 5 என்று கணக்கெல்லாம் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். ஆனால் 29 வயதில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டதற்கு மனைவியை இழந்த துக்கம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கிண்டி ரேஸ் கோர்ஸில் ஜாக்கிகளை எடை போடும் அறையில் வெகுகாலம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அது உறுத்துகிறது.

ஆர்ச்சரின் உயரம் 5 அடி 10 அங்குலம். ஜாக்கிக்கு அது சாபம். ரேஸ் இல்லாத குளிர்காலத்தில் எடை ஏறிவிடும். சீசன் வந்தால் பட்டினி, நீராவிக் குளியல், அப்புறம் 'ஆர்ச்சர் மிக்ஸ்சர்' என்றே பேர் வாங்கிவிட்ட பேதி மருந்து. 1886 அக்டோபரில் கேம்பிரிட்ஜ்ஷையர் ரேஸில் செயின்ட் மிரின் என்ற குதிரை சுமக்க வேண்டும் என்று குறித்த எடை, அதாவது ஜாக்கியும் சேணமும் சேர்ந்து, 8 ஸ்டோன் 6 பவுண்டு. நம் கணக்கில் ஐம்பத்து மூன்றரை கிலோ. அந்த உயரத்துக்கு இதை நினைத்துப் பாருங்கள்! சில நாள் வயிற்றைக் காயப்போட்டும் 1 பவுண்டு மிஞ்சிவிட்டது. குதிரை ஒரு தலை நீள வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த சில நாட்களில் காய்ச்சலில் விழுந்தார், டைபாய்டு என்றார்கள். நவம்பர் 8ஆம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மனைவி போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் காய்ச்சல் வந்து விழுந்தது ஏற்கெனவே வற்றிப்போன உடம்பில்.

எங்கள் அறையில் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு தராசில் உட்காருவார்கள். ரேஸுக்கு முன்பு ஒரு தடவை, முடிந்து வந்ததும் ஒரு தடவை. எடை குறைந்தால் கவலையில்லை, சேணத்தோடு சேரும் பையில் ஈயத் தகடு செருகிக்கொள்ளலாம். கூடினால்? உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். நல்ல வெயிலில் ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவார்கள். ஒரு மடக்கு உள்ளே போகாது. தராசில் வந்து உட்காரும்போது உதடு வெடித்திருக்கும். கேலரியில் கத்துகிறவர்களுக்கு இது தெரியாது. ரேஸ் என்றாலே சூதாட்டம் என்பவர்களுக்கும் தெரியாது.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. 1880 டெர்பிக்குச் சில வாரம் முன்பு ஒரு குதிரை ஆர்ச்சரின் கையைக் கடித்துக் குதறிவிட்டது. அந்தக் கையோடு பெண்ட் ஆர் என்ற குதிரை மீது ஏறி, ஏறக்குறைய ஒற்றைக் கையாலேயே ஓட்டி, தலையளவில் ஜெயித்தார். 1885இல் ஒரே சீசனில் 246 வெற்றி. அதை முறியடிக்க 1933இல் கார்டன் ரிச்சர்ட்ஸ் என்ற ஜாக்கி வர வேண்டியிருந்தது. இவ்வளவையும் அரைப்பட்டினியில் செய்தவர் அவர்.

ரேஸ் புத்தகத்தில்கூடக் குதிரையின் பெயருக்குப் பக்கத்திலேயே எடையை அச்சிடுவார்கள். ஜாக்கிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதப்போவதாகக் கட்டுரையின் கீழே போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஒவ்வொருவரும் எத்தனை கிலோவில் சவாரி செய்தார், அதற்கு என்ன பாடுபட்டார் என்பதையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எடை அறை ஊழியர்,
வேளச்சேரி, சென்னை